கணிப்பொறிக்கு வாயில் அமைத்த ஆசான்: கேரி கில்டால்

ஆண்டு விழா மலர் என்றால் அதில் ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுதல் மரபு. புலவர், புரவலர், நாட்டுத் தலைவர், சமயச் சான்றோர் ஆகியோரின் வரலாறுகளையே நாம் பெரும்பாலும் விரும்பிப் படித்து வந்திருக்கிறோம். இம்முறை அவ்வரிசையினின்றும் சற்றே விலகி நிற்கும் ஒருவரை அன்பர்கள் முன் நிறுத்த விழைகிறோம். அவர் போர்க்களம் கண்டவர் அல்லர். ஆட்சிப் பீடம் ஏறியவரும் அல்லர். கணித ஆசிரியராக வேண்டும் என்னும் எளிய ஆசையோடு புறப்பட்டு, சிறு கணிப்பொறிகளுக்கெல்லாம் பொதுவானதோர் இயக்க முறையை ஆக்கித் தந்தவர். அமெரிக்க நாட்டினராகிய அவர் பெயர் கேரி கில்டால்.

நம் காலனியில் கணிப்பொறி புகாத வீடு அரிது. நம் பிள்ளைகளுள் பலர் அத்துறையிலேயே பணியாற்றி வருகின்றனர். எனினும் கில்டாலின் பெயரை அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. அச்சிலரும் பெரும்பாலும் ஒரே ஒரு கதையைத்தான் அறிவர். உலகப் பெரு நிறுவனம் ஒன்று வீடு தேடி வந்த நாளில் அவர் விமானம் ஓட்டி மகிழப் போய்விட்டார். அதனால் அளவிறந்த செல்வத்தை இழந்தார் என்பதே அக்கதை. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை ஒரே ஒரு பிற்பகலைக் கொண்டு எடை போடுவது முறையாகுமா? அவர் இழந்தது எது, விட்டுச் சென்றது எது என்பதை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மாலுமிகளுக்குக் கற்பித்த குடும்பம்

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள சியாட்டில் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவர்தம் தந்தைவழிக் குடும்பம் நார்வே நாட்டு மரபினது. பாட்டனார் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவினார். தந்தையார் ஜோசப் கில்டால் அப்பள்ளியிலேயே ஆசிரியராக விளங்கினார். நடுக்கடலில் செல்லும் கப்பல் தான் நிற்கும் இடத்தை அறிய வேண்டுமானால், கதிரவனின் உயரத்தையும் விண்மீன்களின் உயரத்தையும் அளந்து, நீண்ட கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். அக்காலத்து மாலுமிகள் அச்சிட்ட அட்டவணைகளைப் புரட்டிக் கையாலேயே அக்கணக்குகளைப் போட்டனர். இவ்வுழைப்பைக் குறைக்கும் ஒரு சிறு கருவி வேண்டுமென்பது தந்தையாரின் நெடுநாளைய விருப்பம். அவ்விருப்பம் பிற்காலத்தில் மகனை எங்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இனிக் காண்போம்.

இளமையில் கில்டால் பள்ளிப் படிப்பில் சிறந்து நின்றவர் அல்லர். பொறிகளைப் பிரிப்பதிலும் பூட்டுவதிலுமே அவர் மனம் சென்றது. பள்ளி முடித்த பின் குடும்பத்தின் கப்பற் பள்ளியில் சிறிது காலம் கற்பித்தார். பிறருக்குக் கற்பிக்கும்போது தாம் கற்கும் இன்பத்தை அங்குதான் அவர் உணர்ந்தார் போலும். கணித ஆசிரியராகும் எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1963-இல் டாரதி மெக்யூவன் என்னும் அம்மையாரை மணந்தார்.

பல்கலைக் கழகத்தில் அவர் கணிப்பொறியைக் கண்டார். கண்டதும் அதன் வசப்பட்டார். அந்நாளைய கணிப்பொறி ஓர் அறையையே அடைத்து நிற்கும். பலரும் முறை வைத்தே அதனை அணுக இயலும். ஆதலின் இரவு வேளைகளில் அது ஓய்ந்திருக்கும்போது அதனருகே அமர்ந்து விடியுமட்டும் பயின்றார். வியத்நாம் போர் நடந்த காலம் அது. இளைஞர்கள் கட்டாயப் படைப் பணிக்கு அழைக்கப்படலாம் என்னும் நிலை. கடற்படை அலுவலராகச் சேர்ந்த கில்டாலைப் போர்முனைக்கு அனுப்பாமல், கலிபோர்னியா மாநிலத்து மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரிக்கு ஆசிரியராக அனுப்பினர். ஆசிரியத் தொழில் இவ்வாறு அவரை மீண்டும் தேடி வந்தது.

1972-இல் அவர் தம் பல்கலைக் கழகத்திலேயே டாக்டர் பட்டம் பெற்றார். மனிதர் எழுதும் நிரலைப் பொறிக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துத் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். பெயர்க்கும்போதே வீண் வேலைகளை இனங்கண்டு களைவதற்குக் கணித வழியில் ஒரு பொதுமுறையை அவர் வகுத்தார். 1973-இல் வெளியான அவர்தம் ஆய்வுரை அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப் பெறுகிறது. அம்முறை அவர் பெயராலேயே வகுப்பறைகளில் வழங்குகிறது. வேறொன்றும் செய்யாதிருப்பினும் இஃதொன்றே அவர் பெயரை நிலைநிறுத்தியிருக்கும் என்பது நம் கருத்து.

இருபத்தைந்து டாலர்ச் சில்லு

1971-ஆம் ஆண்டின் இறுதியில் இன்டெல் நிறுவனம் நாலாயிரத்து நான்கு என்னும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு சில்லை வெளியிட்டது. விரல் நகத்தினும் சிறிய சிலிக்கன் துண்டில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களை அடக்கி, கணிப்பொறியின் மூளையை ஒரே சில்லாக்கியிருந்தனர். அதன் விலை 25 டாலர் என்னும் விளம்பரம் கில்டாலின் கண்ணில் பட்டது. கோடிக்கணக்கில் விலைபோகும் பொறிகளிடையே வாழ்ந்தவர்க்கு அவ்விளம்பரம் எத்துணை வியப்பளித்திருக்கும்! தந்தையார் விரும்பிய கருவி அவர் நினைவுக்கு வந்தது. அச்சில்லைக் கொண்டு கப்பற் கணக்குகளைப் போட இயலுமா என்று முயன்றார். அதற்குரிய நிரல்களை எழுதினார். அவ்வெழுத்தைக் கண்ட இன்டெல் நிறுவனத்தார், வாரத்தில் ஒரு நாள் தம்மிடம் வந்து ஆலோசனை கூறுமாறு அழைத்தனர்.

அப்பணிக்கு ஊதியமாக அவர் பெற்றவற்றுள் இன்டெல்லின் சிறு கணிப்பொறியும் ஒன்று. அதனைத் தம் வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், கல்லூரி வகுப்பறையின் ஒரு மூலையில் வைத்து மாணவரையும் பழகச் செய்தார். 1973-இல், அச்சிறு சில்லுகளுக்கு எளிதில் நிரல் எழுதுவதற்கென்று பி.எல்.எம். என்னும் மொழியொன்றையும் இன்டெல்லுக்கு ஆக்கித் தந்தார். பொறி சிறிதாயினும் அதனோடு உரையாடும் மொழி செம்மையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

கொட்டகையில் பிறந்த இயக்க முறை

அக்காலத்துச் சிறு கணிப்பொறியின் பெருங்குறை யாதெனில், எழுதியதைச் சேமித்து வைக்கத் தக்க இடம் இல்லாமை. காகித நாடாவில் துளையிட்டு நிரலைப் பதிவர். அந்நாடாவை டெலிடைப் பொறி நொடிக்குப் பத்து எழுத்து வீதம் படிக்கும். பத்தாயிரம் எழுத்துள்ள ஒரு நிரலைப் படிக்கப் பதினாறு நிமிடத்துக்கு மேலாகும். நடுவே நாடா கிழிந்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து!

அப்போதுதான் பிளாப்பித் தகடு என்னும் வளையும் காந்தத் தகடு சந்தைக்கு வந்தது. எட்டு அங்குல அகலமுள்ள ஒரு தகடு இரண்டரை இலட்சம் எழுத்துகளுக்கு மேல் தாங்கும்; வேண்டிய இடத்தை நொடிப் பொழுதில் எட்டும். ஷுகார்ட் என்னும் நிறுவனத்தார் சோதனைக்கு ஓட்டித் தேய்ந்த தகட்டு இயக்கி ஒன்று கில்டாலின் கைக்கு வந்தது. ஆனால் அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்சுற்று அவரிடம் இல்லை. நிரல் எழுதுவதில் வல்லவராகிய அவர், மின்சுற்று அமைப்பதில் தடுமாறினார். பல மாதங்கள் அவ்வியக்கி வெறுமனே கிடந்தது. இறுதியில் பல்கலைக் கழகத் தோழர் ஜான் டொரோடு அம்மின்சுற்றை அமைத்துத் தந்தார். 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மான்டரேக்கு அருகிலுள்ள பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் இருவரும் அமர்ந்து விசையை அழுத்தினர். தகடு சுழன்றது, தலைமுனை தேடிச் சென்று படித்தது, அடுத்த கட்டளைக்காகக் காத்து நிற்கும் குறி தோன்றியது. சிறு கணிப்பொறிக்கு இயக்க முறை பிறந்தது அவ்வேளையில்தான்.

அம்முறைக்குக் கில்டால் இட்ட பெயர் சி.பி.எம். என்பது. இப்பெயரைக் கேட்டதும் நம் நாட்டு அரசியற் கட்சி ஒன்று அன்பர்கள் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை! சிறு கணிப்பொறிகளைக் கட்டுப்படுத்தும் நிரல் என்பதே அதன் சுருக்கப் பொருள்.

அந்நாளில் நிகழ்ந்த ஒரு சுவையான செய்தியையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். காசு போட்டால் சாதகம் கணித்து அச்சிட்டுத் தரும் பொறியொன்றைச் சான்பிரான்சிஸ்கோ நகரத்து அன்பர் ஒருவர் செய்ய விரும்பினார். கோள்களின் நிலையைக் கணிக்கும் நிரலை எழுதித் தந்தவர் நம் கில்டாலே. விண்மீன்களைக் கொண்டு கப்பலின் இடத்தைக் கணித்த குடும்பத்தின் பிள்ளை, அவ்விண்மீன்களைக் கொண்டு மனிதரின் பலனைக் கணிக்கும் பொறிக்கு உழைத்தார்! வாணிகத்தில் அப்பொறி தோற்றது. எனினும் அதற்காக அவர் எழுதிய துணைக் கருவிகள் பல பின்னர்த் தம் இயக்க முறையில் இடம் பெற்றன. தோல்வியுற்ற வேலையும் முற்றிலும் வீணாவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தம் இயக்க முறையை முதலில் இன்டெல் நிறுவனத்துக்கே அவர் காட்டினார். அவர்கள் மொழியை ஏற்றனர். இயக்க முறையை வேண்டா என்றனர். அதனை விற்கும் உரிமை இவ்வாறு அவரிடமே நின்றது. அவரும் மனைவியார் டாரதியும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். டிஜிட்டல் ரிசர்ச் என்பது அதன் பிற்காலப் பெயர். கணவர் நிரல் எழுதினார். மனைவியார் கணக்கும் வாணிகமும் கவனித்தார். அஞ்சல் வழி 70 டாலருக்கு எவரும் அம்முறையை வாங்கலாம் என்று அறிவித்தனர்.

பதினேழு வாயில்கள்

இனிக் கில்டாலின் பெருமைக்கு உண்மையான காரணத்தைக் கூறுவோம். 1975-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆல்டேர் என்னும் கணிப்பொறியை உதிரிப் பாகங்களாகவே வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு கார்க் கொட்டகையில் ஆர்வலர் சிலர் கூடி, தாமே கணிப்பொறி கட்டுவோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். ஆண்டுதோறும் புதுப் புதுப் பொறிகள் தோன்றின. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. திரை வேறு, விசைப்பலகை வேறு, தகட்டு இயக்கி வேறு. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் அடுத்த வீட்டுப் பொறியில் ஓடாது.

ஐம்சாய் என்னும் நிறுவனத்தார் தம் பொறிக்கு ஏற்பச் சி.பி.எம். முறையை மாற்றித் தருமாறு கேட்டனர். புதுப் பொறி ஒவ்வொன்றுக்கும் முழுவதையும் திருத்தி எழுதி அவர் சலித்துப் போயிருந்தார். ஆகவே தம் இயக்க முறையைப் பிரித்துப் பகுத்தார். கட்டளைகளைக் கேட்டு நிறைவேற்றும் பகுதி ஒன்று. தகட்டிலுள்ள கோப்புகளைப் பெயரிட்டுப் பேணும் பகுதி மற்றொன்று. இவ்விரண்டும் எல்லாப் பொறிகளுக்கும் பொது. இவற்றில் எவரும் கை வைக்க வேண்டுவதில்லை. பொறியின் உறுப்புகளை நேரே தொடும் வேலைகளை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு பகுதியாக்கினார். பயாஸ் என்பது அதன் பெயர். புதுப் பொறி செய்பவர் அச்சிறு பகுதியை மட்டும் தாமே எழுதிக்கொண்டால் போதும். எஞ்சியவை அப்படியே ஓடும்.

நம் வாழ்விலிருந்தே இதற்கு ஓர் உவமை கூறலாம். மாற்றல் உத்தரவு வந்ததும் நாம் நாகபுரியிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கும், அங்கிருந்து தில்லிக்கும் குடும்பத்தோடு பெயர்கிறோம். வீட்டுக்குள் அதே தமிழ், அதே சமையல், அதே கோலம், அதே பண்டிகை. மாறுவது வாயிற்படியில் மட்டுமே. பால்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் அவ்வூர் மொழியில் பேச வேண்டும். அதற்காக வீட்டார் அனைவரும் புது மொழியை முற்றும் கற்க வேண்டுவதில்லை. வாசலில் நிற்பவர் தண்ணீர், விலை, எடை, நாளை என்பன போன்ற சில சொற்களை அறிந்தால் குடும்பம் நடந்துவிடும். கில்டால் வகுத்த பயாஸ் அத்தகைய வாயிற்படியே. அவர்தம் முறையின் 2.2 எண்ணிட்ட பதிப்பில் அவ்வாயிற்படியில் கேட்கப்படும் வேலைகள் மொத்தம் பதினேழு. விசைப்பலகையில் எழுத்து வந்துள்ளதா என்று பார். வந்த எழுத்தைப் படி. திரையில் ஓர் எழுத்தை இடு. இன்ன தகட்டைத் தேர்ந்தெடு. இன்ன வட்டத்துக்குச் செல். இன்ன துண்டைப் படி. அதனை எழுது என்பன போன்றவையே அவை. பதினேழு சிறு வேலைகளைச் செய்யத் தெரிந்த எப்பொறியும், அம்முறைக்கு எழுதப்பட்ட எல்லா நிரல்களையும் ஓட்ட வல்லதாயிற்று.

சிறுமை என்னும் சொல்லுக்கு இங்குப் பெருமை என்பதே பொருள். எட்டு அங்குலத் தகட்டில் இயக்க முறைக்கென ஒதுக்கிய இடம் இரண்டு வட்டங்களே. ஒவ்வொரு வட்டத்திலும் 26 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 128 எழுத்துகளுக்கு இடம். ஆக மொத்தம் 52 துண்டுகள், 6,656 பைட். அவற்றுள் தொடக்க நிரலுக்கு ஒரு துண்டு, கட்டளைப் பகுதிக்கு 16, கோப்புப் பகுதிக்கு 28, பயாசுக்கு எஞ்சிய 7. அன்பர்கள் இப்போது படிக்கும் இக்கட்டுரையை இன்றைய கணிப்பொறியில் தமிழ் எழுத்தில் சேமித்தால் கொள்ளும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட அதற்குத் தேவைப்படவில்லை! நிரல்கள் எப்பொறியிலும் நினைவகத்தின் ஒரே இடத்தில் தொடங்கும் என்றும், வேலை எதுவாயினும் ஒரே கதவைத் தட்டி வேலையின் எண்ணைச் சொன்னால் போதும் என்றும் அவர் விதித்தார். விதிகள் சில, அவை தெளிவானவை. ஆதலால் ஊர் பேர் அறியாத ஆர்வலரும் அம்முறைக்கு நிரல் எழுத முன்வந்தனர்.

ஐம்சாய் நிறுவனம் 1977-இல் 25,000 டாலர் கொடுத்து உரிமை பெற்றது. வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்து நிரலும், டி-பேஸ் என்னும் பட்டியல் நிரலும் அம்முறைக்கே முதலில் எழுதப் பெற்றவை. 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 வகைக் கணிப்பொறிகள் அதனை ஏற்றிருந்தன என்பர். கொட்டகையில் பிறந்த குழந்தை உலகெங்கும் நடந்தது.

அந்த ஒரு நாள்

1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐ.பி.எம். நிறுவனம் தனியார் பயன்படுத்தும் சிறு கணிப்பொறி ஒன்றை இரகசியமாக உருவாக்கி வந்தது. இயக்க முறைக்காக அதன் அலுவலர்கள் முதலில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துப் பில் கேட்சிடம் சென்றனர். அவர் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பினார். குறித்த நாளில் அவர்கள் பசிபிக் குரோவுக்கு வந்தனர். அன்று காலை கில்டால் தாமே விமானம் ஓட்டிக்கொண்டு, முன்னரே ஒப்புக்கொண்ட வாணிக வேலையாக ஒரு வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார். உல்லாசப் பயணம் என்று பின்னர் ஊர் பேசியதற்கு ஆதாரம் இல்லை. நிறுவனத்தின் வாணிகத்தைக் கவனித்து வந்தவர் டாரதி அம்மையார். ஆதலின் அவர் அலுவலர்களை எதிர்கொண்டார். பேச்சைத் தொடங்குமுன் ஒப்பமிடுமாறு அவர்கள் நீட்டிய இரகசிய ஒப்பந்தம் ஒருதலையானது என்று கருதி அவர் தயங்கினார். பிற்பகலில் கில்டால் திரும்பினார். அதன் பின் நடந்தது குறித்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகக் கூறுவர். உடன்பாடு ஏற்படவில்லை என்பது மட்டும் உறுதி.

ஐ.பி.எம். மீண்டும் மைக்ரோசாப்டை நாடியது. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்றில் டிம் பேட்டர்சன் என்னும் பொறியாளர், புதிய 16 பிட் சில்லுக்கென ஓர் இயக்க முறையை எழுதியிருந்தார். அச்சில்லுக்குரிய சி.பி.எம். வரத் தாமதமாயிற்று, அதனாலேயே அவர் தாமாக எழுதத் துணிந்தார். பழைய நிரல்களை எளிதில் மாற்றி ஓட்டுவதற்காகச் சி.பி.எம். முறையின் கதவுகளையும் எண்களையும் ஒட்டியே அதனை அமைத்தார். மைக்ரோசாப்ட் அதனை விலைக்கு வாங்கித் திருத்தி ஐ.பி.எம்.முக்குத் தந்தது. 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் அக்கணிப்பொறி வெளியாயிற்று.

தம் முறையின் சாயலைக் கண்ட கில்டால் வெகுண்டார். மென்பொருளுக்கு எதுவரை சட்டக் காப்பு உண்டு என்பது அக்காலத்தில் தெளிவுபடவில்லை. வழக்காடாமல் பேசித் தீர்த்தனர். கில்டாலின் இயக்க முறையையும் உடன் விற்க ஐ.பி.எம். இசைந்தது. ஆனால் கடையில் வைத்தபோது மற்றதன் விலை 40 டாலர். இதன் விலை 240 டாலர். எதனை மக்கள் வாங்கியிருப்பர் என்று நாம் கூற வேண்டுவதில்லை. ஒரு பிற்பகல் அன்று, தாமதமான நிரல், ஒருதலை ஒப்பந்தம், தெளிவற்ற சட்டம், ஆறு மடங்கு விலை என்று பல காரணங்கள் கூடியே அவ்விளைவைத் தந்தன. ஆயினும் பல காரணங்களைக் காட்டிலும் ஒரு கதையே மக்கள் நாவில் எளிதில் ஏறுகிறது.

பிற்காலம்

அதன் பின் கில்டால் ஓய்ந்துவிடவில்லை. ஒரே வேளையில் பல வேலைகளைச் செய்யும் இயக்க முறைகளை அவர் நிறுவனம் ஆக்கியது. சிறுவர் கணிப்பொறி கற்பதற்கென்று லோகோ என்னும் மொழியை வெளியிட்டது. 1985-இல், அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனத்தின் உழைப்பால், குரோலியர் கலைக்களஞ்சியம் முழுவதும் ஒரே ஒளித்தகட்டில் அடங்கி வெளிவந்தது. 1983 முதல் 1990 வரை தொலைக்காட்சியில் கணிப்பொறிச் செய்திகளை விளக்கும் நிகழ்ச்சியில் துணைத் தொகுப்பாளராக அமர்ந்து பொதுமக்களுக்குப் பாடம் சொன்னார். வகுப்பறையை விட்டு வந்தாரேயன்றி ஆசிரியப் பண்பை அவர் விடவில்லை.

1991-இல் தம் நிறுவனத்தை நாவெல் என்னும் நிறுவனத்துக்கு விற்றார். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் மன நிறைவு இல்லை. டாரதி அம்மையாருடன் இல்வாழ்வு முன்னரே முறிந்திருந்தது. எங்குச் சென்றாலும் விமானக் கதையையே பிறர் கேட்டனர். 1992-இல் அவர் பயின்ற பல்கலைக் கழகம் தன் கணிப்பொறித் துறையின் வெள்ளி விழாவைக் கொண்டாடியபோது, அங்கு டாக்டர் பட்டம் பெற்ற அவரைப் பார்வையாளராக அழைத்து, அங்குப் பயிலாத பில் கேட்சைத் தலைமை உரை ஆற்ற வைத்தது. அந்நிகழ்ச்சி அவர் உள்ளத்தை மிகவும் புண்படுத்தியது. தம் வரலாற்றைத் தாமே எழுதி நண்பர்க்கு மட்டும் வழங்கினார். இறுதி ஆண்டுகளில் குடிப்பழக்கம் அவரை வாட்டியது என்பதை அவர்தம் மக்களே பின்னர் வருத்தத்தோடு வெளியிட்டுள்ளனர். 1994 ஜூலை மாதம் மான்டரே நகரில் தலையில் காயமுற்று, 11-ஆம் நாள் உயிர் நீத்தார். பிறந்த ஊராகிய சியாட்டிலில் அவர் உடல் அடக்கம் செய்யப் பெற்றது.

எஞ்சி நிற்பது

இருபது ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரலில், பசிபிக் குரோவில் அவர் நிறுவனம் இருந்த கட்டடத்தின் முன் உலக மின் பொறியாளர் கழகம் நினைவுப் பலகை பதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கக் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் சி.பி.எம். முறையின் தொடக்க காலப் பதிப்புகளின் மூல நிரலை யாவரும் படிக்க வெளியிட்டது. 2016-இல் அவர் எழுதிய வரலாற்றின் ஒரு பகுதியும் வெளியாயிற்று.

பலகையிலும் அருங்காட்சியகத்திலும் மட்டுமா அவர் வாழ்கிறார்? நம் வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸ் முறை இருப்பின், கோப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். தகட்டின் பெயராக ஓர் ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் நிற்கும். பெரும் பொறிகளில் எங்கோ இருந்த அவ்வழக்கத்தைச் சிறு கணிப்பொறிக்குக் கொண்டுவந்தவர் கில்டால். கோப்பின் பெயருக்குப் பின் புள்ளியிட்டு மூன்றெழுத்து எழுதும் வழக்கமும் அவர் வழியாகவே நம் மேசைக்கு வந்தது. போட்டியில் வென்றவரின் இயக்க முறைக்குள்ளும் தோற்றவரின் கைத்தடம் இருக்கிறது.

இதனினும் இனிய செய்தி ஒன்று உண்டு. பழைய பாணியில் தாமே கணிப்பொறி கட்டி மகிழும் ஆர்வலர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். கில்டாலின் நிரல்களை ஓட்டிய இசட் எண்பது என்னும் சில்லு 1976-இல் வந்தது; ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்து, 2024-இல்தான் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தனர். அச்சில்லையும் சிறிது நினைவகத்தையும் பலகையில் பூட்டி, பிளாப்பித் தகட்டுக்கு மாற்றாகக் கைப்பேசியில் செருகும் நினைவு அட்டையை இணைத்து, இளைஞர்கள் பதினேழு சிறு வேலைகளையும் எழுதி முடிக்கின்றனர். முடித்த அன்றே திரையில் அப்பழைய குறி தோன்றுகிறது. நாற்பதாண்டுக்கு முந்தைய நிரல்கள் தாமே ஓடுகின்றன. கைப்பேசியில் செருகும் அத்தகைய நினைவு அட்டை கில்டாலின் காலத்தில் இல்லை. அவர் காணாத பொருளும் அவர் வைத்த வாயிலில் தடையின்றி நுழைகிறது. தமக்கென்று ஒரு சிற்றியக்க முறையை எழுத விரும்பும் மாணவர்க்கும் தொடங்க வேண்டிய இடம் அதுவே. பொறியைத் தொடும் பகுதியைச் சிறிதாக்கு, அதனைத் தனியே நிறுத்து, எஞ்சியதைப் பொதுவாக்கு. இவ்வளவே பாடம்.

ஆண்டு விழா மேடையில் நம் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்குகிறோம். வெல்க என்று வாழ்த்துகிறோம். வெற்றி நல்லதே. ஆயினும் பெருஞ்செல்வம் ஈட்டியவரையே வென்றவர் என்றும், ஈட்டாதவரைத் தவறவிட்டவர் என்றும் கற்பிப்போமாயின், கில்டாலைப் போன்ற ஒருவர் நம் பிள்ளைகளிடையே தோன்றினும் நாம் அவரை அடையாளம் காண மாட்டோம். பிறர் வந்து தொடர்வதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்தவர் எவரோ, அவர் உழைப்பு அவருக்குப் பின்னும் நடக்கிறது. அடுத்த முறை பிள்ளைகள் விமானக் கதையைக் கேட்டு வந்து சொன்னால், பதினேழு வாயில்களின் கதையையும் அவர்களுக்குச் சொல்வோமாக.